எதைச் சேர்ந்தவன்?

அந்தப் பையனைப் பற்றிப் பள்ளியில் என்னிடம் முதலில் சொல்லப்பட்டது ஒரு பாராட்டு. "ரொம்ப நல்ல பையன் மேடம். ஒரு தொந்தரவும் கிடையாது. வாயே திறக்க மாட்டான்." ஒன்பதாம் வகுப்பு. ஜூனில் சேர்ந்தவன், ஆகஸ்ட் கடைசியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் வரவில்லை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அடியோடு நின்றுவிட்டான். இடைநிற்கப் போகிற பிள்ளைகள் என்று பள்ளி கொடுக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசி, திரும்ப அழைத்து வருவது எங்கள் வேலைகளில் ஒன்று. அந்த மாதப் பட்டியலில் ஒன்பது பேர். இவன் ஏழாவது.

ஊர் பெயரைச் சொல்லவில்லை. வட மாவட்டத்து ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தனி, காலனி தனி, நடுவில் ஏரிக்கரை. அப்பா இல்லை. அம்மா செங்கல் சூளைக்குப் போகிறார். நான் போனபோது ஆயாதான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "காலையில எழுந்தா தலைவலின்றான், வவுத்துவலின்றான். பஸ்ஸு போனதுக்கப்புறம் எழுந்து நல்லா கஞ்சி குடிக்கிறான். காத்து கருப்பு ஏதனா பட்டிருக்குமாம்மா?" என்று கேட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கிறார்கள். பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். என்ன கேட்டாலும் தலைவலி என்றான். நான் திரும்பி வந்து கேஸ் ஷீட்டில் எழுதினேன்: "பள்ளிச் சூழலுக்கு ஒத்துப்போவதில் சிரமம். மனநல ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது."

பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். சமூகவியலில் முதுகலைப் பட்டம். நானும் காலனியில் பிறந்து வளர்ந்தவள்தான். இத்தனையும் இருந்து அந்தத் தாளில் நான் எழுதியதன் பொருள் ஒன்றே ஒன்று: கோளாறு பையனிடம். பள்ளி சரியாக இருக்கிறது, இவனுக்குத்தான் ஒத்துப்போகவில்லை. அந்த வரியை இப்போது படித்தாலும் கூசுகிறது.

நாலாவது முறை போனபோது அவன் ஏரிக்கரையில் தனியாகப் பந்தை வானத்துக்குப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். கைப்பந்து. நான் பள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டேன். சர்வீஸ் நன்றாகப் போடுவானாம். பி.டி. சார் சேர்ந்த இரண்டாவது வாரமே பள்ளி அணியில் எடுத்துக்கொண்டாராம். அதன் பிறகு பேச்சு தானாக வந்தது.

அந்த உயர்நிலைப் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்துப் பல கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை அவன் படித்த நடுநிலைப் பள்ளியில் யார் எந்தத் தெரு என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அவனுடைய ஊரிலிருந்து அந்த வகுப்பில் வேறு யாரும் இல்லை. பஸ் அவன் வீட்டுக்கு எதிரிலேயே நிற்கும். காலனி ஸ்டாப்பிங். அங்கே ஏறமாட்டான். ஏரிக்கரை வழியாக ஒரு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டு ஸ்டாப்பிங்கில் போய் ஏறுவான். சாயங்காலமும் அங்கேயே இறங்கி நடந்து வருவான். பேரன் ஓட்டப் பயிற்சி எடுக்கிறான் என்று ஆயா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் இதே போல் நடந்திருப்பீர்கள். நானும் கல்லூரியில் முதல் வருடம் என் ஊர் பெயரைக் கேட்டவர்களுக்குப் பக்கத்து டவுன் பெயரைச் சொன்னவள்தான். பொய் சொல்வதில் ஆசை வந்து யாரும் இப்படிச் சொல்வதில்லை. கொஞ்ச நாளைக்கு வெறும் ஆளாக இருந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான். அவனுக்கு அது மூன்று மாதம் கிடைத்தது. மெயின் ரோட்டில் ஏறும் இன்னொரு பையன் சிநேகிதனானான். மதியம் சத்துணவை வாங்கிக்கொண்டு போய் அவனுடைய டிபன் பாக்ஸ் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறான். ஆட்டம் முடிந்து ஒரே பாட்டிலை வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

ஆகஸ்டில் ஒரு நாள், மதியத்துக்கு முந்தைய பீரியட். வகுப்பாசிரியர் கையில் ஒரு தாளோடு வந்தார். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அது வங்கிக் கணக்கில்தான் வரும், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அவருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி. "எஸ்.சி. பசங்கள்ல யாரெல்லாம் இன்னும் பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் குடுக்கல? எழுந்திருங்க." ஆறேழு பேர் எழுந்தார்கள். இவன் எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் தாளைப் பார்த்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஏன்டா, உன்னத்தான். உனக்குப் பணம் வாணாவா?"

அவ்வளவுதான் நடந்தது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அடுத்த நாள் சிநேகிதன் முன் பஸ்ஸில் போய்விட்டான். மூன்றாம் நாளும் போய்விட்டான். மைதானத்தில் பாட்டில் வந்தது, ஆனால் எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். கொஞ்ச நாளில் பந்து அவனுக்கு வருவது குறைந்தது. "பாஸ் வரலக்கா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

இதை எந்தப் புகாரில் எழுதுவது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பையன் என்ன எழுதிப் போடுவான்? எனக்குப் பந்து வரவில்லை என்றா?

நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு. கரோல் குட்இனஃப் அல்ல, கரோல் குட்னோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் (முதல் பருவத்தில் பெயரைத் தப்பாக எழுதி மதிப்பெண் இழந்தேன், அதனால் மறக்காது) 1993இல் 18 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். பள்ளியில் மற்றவர்கள் என்னை ஏற்கிறார்கள், மதிக்கிறார்கள், சேர்த்துக்கொள்கிறார்கள், எனக்குத் துணை நிற்கிறார்கள் என்று ஒரு பிள்ளை எந்த அளவுக்கு உணர்கிறது என்பதை அது அளக்கிறது. அது குறைந்தால் படிப்பு குறைகிறது, மனச்சோர்வு கூடுகிறது என்று அதன் பிறகு பல நாடுகளில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் அமைப்பும் இதைப் பார்த்து ஒரு படிவம் தயாரித்தது. முதல் வாக்கியத்தை நான்தான் தமிழாக்கினேன்: "நான் இந்தப் பள்ளியைச் சேர்ந்தவன்/சேர்ந்தவள் என்று உணர்கிறேன்."

படிவத்தைக் கொடுத்த முதல் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "மிஸ், இது கம்யூனிட்டி கேக்கறதா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் கேட்டது சரி. நம்முடைய தமிழில் 'சேர்ந்தவர்' என்ற சொல்லை ஒரு பிள்ளை முதலில் எங்கே பார்க்கிறது? சாதிச் சான்றிதழில். இன்னாருடைய மகள் இன்ன சமூகத்தைச் சேர்ந்தவர் என்று வட்டாட்சியர் அலுவலகம் கொடுக்கும் தாளில். "நீ எதைச் சேர்ந்தவன்?" என்று தெருவில் ஒருவர் கேட்டால் எந்தப் பள்ளி என்று கேட்கிறார் என யாராவது நினைப்போமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு கதகதப்பு இருக்கும்போல. நமக்கு அது விசாரணை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லா வாக்கியத்துக்கும் 'ஆம்' போட்டுக் கொடுத்தார்கள். அறிக்கையில் நல்லுணர்வு அதிகம் என்று வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பையன் சொன்ன அந்த ஆகஸ்ட் நாள் என்னை வேறு ஒரு வகுப்பறைக்குக் கொண்டுபோனது. 2001, ஏழாம் வகுப்பு. அதே மாதிரி ஒரு தாள், அதே மாதிரி ஒரு குரல். நான் இவனைப் போல உட்கார்ந்திருக்கவில்லை. ஆசிரியர் வாக்கியத்தை முடிப்பதற்குள் எழுந்துவிடுவேன். முதலில் எழுந்தால் கடைசியாக யார் எழுகிறார்கள் என்று எல்லோரும் அந்தப் பக்கம் பார்ப்பார்கள், என்னை மறந்துவிடுவார்கள். இது பன்னிரண்டு வயதில் நானாகக் கண்டுபிடித்த உபாயம். கடைசியாக எழுந்த பெண்ணின் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவளும் எங்கள் தெருதான். அவள் பத்தாம் வகுப்பு வரவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவளைக் கடைசியாக எழ வைத்ததில் என் வேகத்துக்கும் பங்கு உண்டு என்பது மட்டும் தெரியும்.

எழுந்து நிற்பது சில வினாடி வேலை, அதில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப்பிரதேசத்துக் கிராமப் பகுதியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்து நடத்தியது. மேல் சாதி எனப்படுவோரில் 321 பேர், தலித் பையன்கள் 321 பேர். காகிதத்தில் அச்சடித்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து, வழி கண்டுபிடித்தால் காசு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவுக்குப் புதிரை அவிழ்த்தார்கள். இன்னொரு குழுவில், தொடங்கும் முன்பு ஒவ்வொரு பையனுடைய பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. தலித் பையன்கள் அவிழ்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்துவிட்டது. அதே பையன்கள் மாதிரியானவர்கள்தான், அதே மூளைதான், அதே புதிர்தான். இடையில் ஒரு வாசிப்பு.

2004இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக வந்தது இது. நம் பள்ளிகளில் இந்தச் சோதனை வருடத்துக்கு நாலைந்து முறை, ஆய்வாளர் யாரும் இல்லாமலே நடக்கிறது.

இங்கே ஒரு கூட்டம் உடனே வந்துவிடும்: "அதனால்தான் சொல்கிறோம், உதவித்தொகை, சான்றிதழ், இடஒதுக்கீடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், சாதியும் போய்விடும்." அவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். அந்தப் பையனுடைய அம்மாவுக்குச் சூளையில் கிடைக்கும் கூலியைப் பார்த்தவர்கள் யாரும் உதவித்தொகையை எடுக்கச் சொல்ல மாட்டார்கள். பணம் எங்கள் உரிமை. நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று வாங்க வேண்டும் என்பது எந்த அரசாணையிலும் இல்லாத, பள்ளிகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனை. ஒரு வங்கி, கடன் பாக்கி வைத்திருப்பவர்களைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் மறுநாள் வழக்குப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு வழக்குப் போடத் தெரியாது. தலைவலிதான் வரும்.

"அண்ணல் காலம் மாதிரியா இப்போ இருக்கு?" என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. இல்லைதான். அவர் தனியாகச் சாக்கில் உட்கார்ந்தார், அந்தச் சாக்கையும் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. ஆனால் பெஞ்சு ஒன்றாக இருப்பதையே சாட்சியாகக் காட்டி, அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களைப் பற்றி வால்டன், கோஹன் என்ற உளவியலாளர்கள் 2007இல் எழுதியதில் ஒரு கருத்து எனக்கு மிகவும் உதவியது. ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைக்குப் பெரிய சுமை நிரந்தரமான ஒரு சந்தேகம். இங்கே எனக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் எடைபோட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் என்னைத் திட்டியது வீட்டுப்பாடத்துக்கா, காலனிக்கா? பாஸ் வராதது நான் சரியாக ஆடாததாலா, அந்தத் தாளினாலா? மற்ற பையனுக்குத் திட்டு வெறும் திட்டு. இவனுக்கு அது இரண்டு கணக்கு. பாடம் கவனிக்கும் மூளையில் பாதி இந்தக் கணக்கில் போய்விடுகிறது.

அவர்கள் அதற்கு ஒரு மருந்தும் கண்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு, இந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான், நாளாக ஆகப் போய்விடும் என்று சீனியர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பலன் இருந்தது, மதிப்பெண் உயர்ந்தது என்று 2011இல் எழுதினார்கள். எனக்கு இதில் பாதி சம்மதம். எங்கள் பையனிடம் போய், தம்பி எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லலாம். ஆனால் பாட்டிலை அண்ணாந்து குடித்தது அவன் கற்பனையில்லையே. உண்மையாக இருக்கும் ஒன்றைப் பிரமை என்று நம்ப வைப்பதற்கு நான் சம்பளம் வாங்கக் கூடாது.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன், கூடப் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. காரணத்தைச் சொன்னான். அன்றிரவு வீடு புகுந்து அவனையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியதும் பள்ளி மாணவர்கள். அடுத்த ஆண்டு அவன் 600க்கு 469 எடுத்தான், முதல்வர் அழைத்துப் பாராட்டினார், எல்லோரும் பகிர்ந்தோம், நானும் பகிர்ந்தேன். கை ஆறுவதற்குள் பரீட்சை எழுதியவனைப் பார்த்துப் பெருமைப்பட்ட நாம், வராமல் இருந்த நாட்களில் அவன் வீட்டில் என்ன யோசித்துக்கொண்டிருந்திருப்பான் என்பதை அதிகம் பேசவில்லை. வருகைப் பதிவேட்டில் அவையும் வெறும் 'ஆப்சென்ட்' நாட்கள்தான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்குவது, வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது போன்றவைதான் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தன. கயிறு விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு கிளம்பியதும் தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அன்றைய அமைச்சரே கைகழுவினார். ஆனால் அறிக்கையில் விவாதத்துக்கே வராத சின்னச் சின்னப் பரிந்துரைகள் இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் பேசாமல், தலைமையாசிரியர் மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். கயிற்றைவிட எனக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிதாகப் பட்டது. கயிறு கட்டியவன் யாரென்று பார்த்தால் தெரியும். தாளை வாசித்தவர் தன்னை ஒன்றும் செய்யாதவராகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதைப் பிரதி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. தன் காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர். "என் பள்ளிக்கூடத்துல சாதியே கிடையாதும்மா" என்றார். பையன் பெயரைச் சொல்லாமல், ஒரு மாணவருக்கு இப்படி நடந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உடனே அசெம்ப்ளியில் தீண்டாமையைப் பற்றிப் பேசுகிறேன், அந்த வகுப்பைத் தனியாக நிற்க வைத்து அறிவுரை சொல்கிறேன் என்று கிளம்பினார். தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பையன் என்னிடம் வாங்கிய ஒரே சத்தியம் அதுதான்: "யார் கிட்டயும் பேச வாணாம்னு சொல்லிடுங்கக்கா. பேசினா இன்னும் தெரிஞ்சிடும்."

உதவித்தொகை வேலையை வகுப்பிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார். ஆவணம் குறைந்தவர்களை ஒவ்வொருவராக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பையன் அலுவலகத்துக்குள் போனான். பின்னாலிருந்து இன்னொருவன், "டேய், எஸ்.சி. லிஸ்ட் கூப்புட்டுட்டாங்க" என்றான். ஒன்றும் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது என்பது போலச் சொன்னான்.

வகுப்பாசிரியரிடம் மறுபடி போனேன். அவர் என்மேல் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார், அதற்கு நியாயமும் உண்டு: ஆன்லைன் பதிவேற்றம், தேர்தல் பணி, எழுத்துக்கணக்கு எல்லாம் அவர் தலையில். "நீங்க ஐடியா சொல்லிட்டுப் போயிடுவீங்க, செய்யறது நானு" என்றார். ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். வகுப்பில் 43 பேர். ஆதார், வங்கிக் கணக்கு, பெற்றோர் தொலைபேசி எண் எல்லாவற்றையும் 43 பேருக்கும் சரிபார்த்துவிடுவோம், எண் வரிசையில் ஒவ்வொருவராக. அதற்குள் உதவித்தொகை வேலையும் முடிந்துவிடும். நான் கூட உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாள் பிடித்தது. 43 பேரும் உள்ளே போனார்கள், 43 பேரும் வெளியே வந்தார்கள். கடைசியில் அவரே, "பரவால்ல மேடம், ஆறு பேரு போன் நம்பரே தப்பா இருந்திருக்கு" என்றார். அடுத்த வருடமும் இப்படியே செய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை.

இதை வெற்றி என்று சொல்ல வரவில்லை. சந்துரு குழு ஒவ்வொரு பெரிய பள்ளிக்கும் நலன் அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது, 500 மாணவருக்கு மேல் இருந்தால். என்னைப் போல ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருத்தி எட்டுப் பள்ளிக்கு அலைந்து, ஒரு வகுப்பில் ஒரு தடவை, இரண்டு நாள் இதைச் செய்ததில் மீதி எத்தனை ஆயிரம் வகுப்பறைகளில் நாளைக்குத் தாள் வாசிக்கப்படும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேஸ் ஷீட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. இடைநிற்றலுக்கான காரணம் என்ற கட்டத்தில் கொடுத்திருக்கும் பட்டியலில் ஒன்றைத்தான் குறிக்க வேண்டுமாம்: உடல்நலம், குடும்ப இடப்பெயர்வு, வேலைக்குச் செல்லுதல், திருமணம், ஆர்வமின்மை, பிற. 'பிற' என்று குறித்து அனுப்பினேன்.

பையன் அரையாண்டுக்கு முன் திரும்பி வந்தான். அதற்கு என் பேச்சைவிட ஆயாவின் அழுகைதான் காரணம். கணக்கில் தேறிவிட்டான், அறிவியலில் இல்லை. கைப்பந்துக்குப் போகவில்லை. பி.டி. சார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார். காலையில் தலைவலி இப்போதும் வருகிறதாம், வாரத்துக்கு ஒன்று என்று ஆயா கணக்கு வைத்திருக்கிறார். இப்போது காலனி ஸ்டாப்பிங்கிலேயே ஏறுகிறான். அதை நான் முதலில் நல்ல மாற்றமாக எடுத்துக்கொண்டேன். "இனிமே நடந்து இன்னாக்கா" என்றான்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். கண்டக்டர் இன்னும் அப்படித்தான் கத்துகிறார்.

போன வாரம் போனபோது அவனே ஒரு கேள்வி வைத்திருந்தான். பத்தாவது முடித்துவிட்டு வேறு ஊரில் போய்ப் படிக்க முடியுமா, தூரமாக, யாருக்கும் தெரியாத ஊராக. முடியும் என்றேன். மாவட்டத் தலைநகரில் அரசு விடுதி இருக்கிறது, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம், நானே விண்ணப்பம் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"எந்த ஆஸ்டல்கா?"

ஆதிதிராவிடர் நல விடுதி என்று வாய் வரை வந்துவிட்டது. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்களே, அதைச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பந்தைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். "அங்க எல்லாரும் இருப்பாங்களா, நம்ம ஆளுங்க மட்டுமா?"

நம் ஆட்கள்தான் அதிகம் என்றேன்.

"அப்ப ஸ்கூலுக்குப் போவசொல்லோ எந்த ஆஸ்டல்னு கேப்பாங்கல்ல" என்றான்.

விண்ணப்பம் மே மாதம்தான் தருவார்கள். அதற்குள் அறிவியல் பாடத்துக்கு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும்.